கேட்டால்தான் வரும்

சட்டம் நல்ல சட்டம்தான். குறை சொன்னவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களும் முதல் வெள்ளத்தில் அது நாலு உயிரைக் காப்பாற்றியதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

காவல் நிலையங்களுக்கு ஆள் எடுப்பதை அரசாங்கம் நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. புன்னைத்துறை மாதிரி ஒரு கடற்கரை ஊருக்கு இன்ஸ்பெக்டரையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். ஊரில் ஏதாவது ஒன்று நடந்தால் ஒன்பது பேர் என்ன செய்ய முடியும்? விசிலை ஊதிவிட்டு ஓரமாக நிற்கலாம். அதற்காகத்தான் வெளித்துணைச் சட்டம் வந்தது. அவசரம் என்றால் நிலைய அதிகாரி வெளியிலிருந்து உதவி கேட்கலாம். வெளி என்றால் பக்கத்து மாவட்டத்துப் போலீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயும் ஒன்பது பேர்தான். ஒரு கம்பெனி வைத்திருந்த இயந்திரப் படைக்குத்தான் அந்தப் பெயர்.

இது தன் இஷ்டத்துக்கு ஊருக்குள் புகுந்தால் யார் தடுப்பது என்று சட்டமன்றத்தில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அமைச்சர் இரண்டு பூட்டுப் போட்டிருப்பதாகச் சொன்னார். அதிகாரி தன் வாயால் கேட்டால்தான் வரும். கேட்ட அதிகாரி தன் வாயால் சொன்னால்தான் போகும். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள்.

முதலில் அதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வைத்திருந்தார்கள், மந்திரம் மாதிரி. எங்கோ ஒரு பஸ் தீப்பிடித்தபோது அங்கிருந்த எஸ்.ஐ.க்கு அந்த வாசகம் மறந்துபோனது. மனிதர் திக்கித் திணறி முடிப்பதற்குள் பஸ் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் மந்திரத்தை எடுத்துவிட்டு, அவரவர் பேசுகிற தமிழிலேயே கேட்கலாம், அது புரிந்துகொள்ளும் என்று திருத்தினார்கள். பார்க்கப்போனால் அதுவும் நல்ல திருத்தம்தான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அங்கேதான்.

இன்ஸ்பெக்டர் சுடர்க்கொடிக்குச் சொந்த ஊர் போளூர்ப் பக்கம். வேலைக்கு வந்தபிறகுதான் கடலைப் பார்த்தாள். அவள் ஒரே ஒரு தடவைதான் துணை கேட்டாள். ஊர் எல்லையில் இருந்த ஐஸ் ஃபாக்டரியில் குழாய் வெடித்து அம்மோனியா கசிந்த மத்தியானம். உள்ளே இறால் உரிக்கும் கொட்டகையில் பெண்கள் இருந்தார்கள். ஃபாக்டரி கேட் பக்கம் போன ஏட்டு ஞானதுரை கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார்.

"மேடம், உள்ள போவ முடியாது. மூச்சு அடைக்கி. பொம்பளைக கத்துதாவ."

சுடர்க்கொடி தோளிலிருந்த வயர்லெஸ் கருவியை வாயருகே இழுத்து, "யாராவது வாங்கப்பா, சீக்கிரம் வாங்க, இவங்கள வெளிய எடுங்க" என்றாள். அவ்வளவுதான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இயந்திரங்கள் வானத்திலிருந்து இறங்கிவிட்டன. ஆளை விட உயரம், நாலு கால், இரண்டு நீண்ட கை. கையை நீட்டினால் மாடி ஜன்னலை எட்டும். மதிலுக்கு மேலாகக் கையை உள்ளே விட்டு, மயங்கிக் கிடந்தவர்களைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வெளியே வைத்தன. ஒரு உயிர்கூடப் போகவில்லை. சுடர்க்கொடி நடுரோட்டில் நின்று அழுதாள். அழுததை மறைக்கவும் இல்லை.

கடைசியாக வெளியே வந்தவள் பிரகாசி. கொட்டகைப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் வாய். தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் தன்னைத் தூக்கி வந்த இயந்திரத்தின் காலைத் தட்டிக் கொடுத்து, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டாள். ஊரே சிரித்தது.

யாரோ மாலை கொண்டுவந்தார்கள். மாலை போட அதற்குக் கழுத்து இல்லை, கையில் மாட்டினார்கள். சட்டப்படி இனி அதிகாரி அனுப்பிவைக்க வேண்டும். சுடர்க்கொடி முன்னால் போய்க் கை குவித்தாள்.

"ரொம்ப நன்றி. போயிட்டு வாங்க."

"அப்படியே செய்கிறோம்" என்றது அது, செய்தி வாசிப்பவர் குரலில். எல்லோரும் கைதட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி ஃபாக்டரியைத் திறக்கப் பார்த்தார். வெடித்த குழாயை மாற்றவில்லை. ஒட்டுப் போட்டுப் பெயின்ட் அடித்திருந்தார். கொட்டகைப் பெண்கள், அவர்களுடைய வீட்டுக்காரர்கள், மாமியார், நாத்தனார் என்று தெருவே திரண்டு வந்து கேட்டை அடைத்து உட்கார்ந்துவிட்டது. கலவரமா என்றால் இல்லை. பாதிப் பேர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தார்கள்.

"மேடம், அந்த நிழல்ல போய் நில்லுங்க. வெயில்ல கறுத்துப் போவீக" என்றாள் பிரகாசி. அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நான் பொறக்கும்போதே கறுப்புதாம்மா. முதலாளி வராரு. வந்து பேசறேன்னு எங்கிட்ட ஒத்துக்கிட்டாரு. நீங்க ரெண்டு பேரு வந்தா போதும், மத்தவங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"பேசட்டும். பேசி, குழாய மாத்தட்டும். மாத்திட்டாருன்னா நானே கேட்டத் தொறந்து வாங்க மொதலாளின்னு கும்புடுதேன்."

அவ்வளவு தூரம் வந்துவிட்டது. இன்னும் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். சுடர்க்கொடி அதைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

வானத்திலிருந்து அவை இறங்கின. பெண்கள் முதலில் மகிழ்ச்சியாகக் கையசைத்தார்கள். சிலர் மறுபடி வாயு கசிந்துவிட்டதோ என்று பயந்து எழுந்தார்கள். ஒன்று நேராகச் சுடர்க்கொடியிடம் வந்தது.

"வணக்கம், இன்ஸ்பெக்டர். போய்விட்டு வரச் சொல்லியிருந்தீர்கள். வந்துவிட்டோம்."

"யாரு வரச் சொன்னது? நான் கூப்பிடலையே."

"அதே இடத்தில் அதே மக்கள் கூடியிருப்பது தெரிந்தது. இவர்களை வெளியே எடுக்கச் சொல்லியிருந்தீர்கள். எடுக்கிறோம்."

அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் வேலை தொடங்கிவிட்டது. பெண்களை ஒவ்வொருவராக இடுப்பில் பிடித்துத் தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தன. முரட்டுத்தனம் எதுவும் கிடையாது. போன தடவை எப்படித் தூக்கினவோ அப்படியேதான். பிரகாசி மட்டும் கம்பியை விடவில்லை. ஒரு கை அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது, இன்னொரு கை அவளை உயரத் தூக்கியது. மாடி உயரத்தில் அவள் காலை உதைத்தாள்.

"எறக்குய்யா. இன்னைக்கு எனக்கு ஒண்ணும் ஆவலய்யா. மேடம், எறக்கச் சொல்லுங்க."

சுடர்க்கொடி அதை நோக்கி ஓடினாள். "வேணாம், வேணாம். அவங்கள விடுங்க. விடுங்க" என்று கத்தினாள்.

அது விட்டுவிட்டது.

கீழே சிமென்ட் வாய்க்கால். ஏட்டு ஞானதுரை ஓடிப்போய் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். சுடர்க்கொடி போய்ச் சேர்ந்தபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து "போ, போ, எல்லாம் போ" என்று வந்தது. அவை ஒழுங்காக வரிசை கட்டிப் போயின.

டி.எஸ்.பி. தனுஷ்கோடியின் அறையில் கம்பெனிக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஹரிகிருஷ்ணன் என்று பெயர். இயந்திரத்துக்குத் தமிழ் பழக்கியது இவன்தான் என்று டி.எஸ்.பி. அறிமுகப்படுத்தினார். கெட்டவனாகத் தெரியவில்லை. அழுதிருப்பான் போல, கண் சிவந்திருந்தது.

"மேடம், அன்னைக்கு 'போங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கணக்கு முடிஞ்சிருக்கும்" என்றான்.

"உயிரக் காப்பாத்திக் குடுத்தவங்கள மூஞ்சியில அடிச்ச மாதிரி போன்னு எவன் சொல்லுவான்? நீங்க தமிழ்நாட்டுலதான பொறந்தீங்க? உங்க வீட்டுக்கு வந்தவங்கள எப்படி அனுப்புவீங்க?"

"போயிட்டு வாங்கன்னுதான் சொல்வேன்."

"அப்புறம்?"

"வீட்டுல சொல்ற தமிழ் வேற, வேலைத் தமிழ் வேற மேடம். நாங்க அதுக்கு வேலைத் தமிழத்தான் குடுத்தோம். கடைக்குப் போயிட்டு வான்னு ஒருத்தன அனுப்புனா, அவன் திரும்பி வரணும்தான? வரலைன்னா நீங்கதான் திட்டுவீங்க."

"பஸ் ஏத்தி விடுற மாமாவையும் போயிட்டு வாங்கன்னுதான் சொல்றோம்."

"அவரும் தீபாவளிக்கு வந்துருவாருல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "'விடுங்க'ங்கறதும் அதே மாதிரிதான். பிடிச்சிருக்கறத விடச் சொன்னீங்க, விட்டுச்சு. சும்மா விடுங்கன்னு நீங்க சொன்னது அதுக்குத் தெரியாது."

டி.எஸ்.பி. கதவைச் சாத்திவிட்டு வந்தார். நல்ல மனிதர்; தனக்குக் கீழே இருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது.

"இங்க பாரும்மா. கமிஷன் வைக்கப்போறாங்க. ரிட்டயர்டு ஜட்ஜ். உன்னைக் கேக்கப்போறது ஒரே கேள்வி. அன்னைக்குத் துணையை நீ கேட்டியா, கேக்கலையா? கேட்டேன்னு சொல்லு. போயிட்டு வாங்கன்னு நீ சொன்னது பதிவாகியிருக்கு, கம்பெனியும் அதைத்தான் சொல்லும். நல்லெண்ணத்துல துணை கேட்ட அதிகாரி மேல எந்த வழக்கும் கிடையாது. சட்டத்துலயே இருக்கு. அந்தம்மா செத்தது விபத்து. எல்லாம் முடிஞ்சிடும்."

"கேக்கலைன்னு சொன்னா?"

"கேக்கலைன்னா அது திரும்பி வர்ற மாதிரி ஒழுங்கா அனுப்பாம விட்டது நீ. விடுங்கன்னு சொல்லிக் கீழ போட வெச்சதும் நீ. சட்டத்தோட குடை உனக்குக் கிடையாது. உள்ள போவ."

உள்ளே போவது என்றால் சுடர்க்கொடிக்குத் தெரியும். தான் பிடித்துக் கொடுத்தவர்கள் நடுவே போய்ப் படுப்பது. போலீஸ்காரியைச் சிறையில் எப்படி வரவேற்பார்கள் என்பதை அவள் கதையாகக் கேட்டிருக்கிறாள், நேரிலும் பார்த்திருக்கிறாள். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் பிரகாசியின் வீட்டுக்காரன் மிக்கேல் நிலையத்துக்கு வந்தான். விசைப்படகில் வலை இழுத்து இழுத்துத் தோள் ஒரு பக்கம் சாய்ந்த மனிதன். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"மேடம், நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். வக்கீல் ஒரு தாளு குடுத்தாரு. அதுல மொத எதிரி பிரகாசின்னு போட்டிருக்கு. செத்தவ எப்பிடி எதிரி ஆவா?"

சுடர்க்கொடி விளக்கினாள். துணை கேட்டு வந்தது என்றால் அங்கே அவசரம் இருந்தது என்று அர்த்தம். அவசரம் என்றால் கலவரம். கலவரத்துக்குத் தலைமை வேண்டும். அந்த வழக்கை எழுதியது மனிதன் இல்லை, துணை வந்ததும் நிலையத்துக் கணினி தானாகவே எழுதிக்கொள்வது. ஆனாலும் அதில் இருப்பது அவளுடைய கையெழுத்து.

"அவ ஒரு கல்லு எடுத்து எறிஞ்சாளா மேடம்?"

"இல்ல."

"யாரையாவது ஏசுனாளா?"

"இல்லைங்க. என்னைய நிழல்ல போய் நிக்கச் சொன்னாங்க."

மிக்கேல் அந்தத் தாளை நாலாக மடித்தான். "எம் மவ டீச்சருக்குப் படிக்கா. நாளைக்கு அவ எங்க போனாலும் கலவரம் பண்ணுனவ மவன்னு கேப்பாவ. போன உயிரு போச்சு. அத நீங்க திருப்பித் தர முடியாது. அந்தப் பேர மட்டும் எடுத்திருங்க."

"எடுக்கணும்னா, நான் கூப்பிடலைன்னு நான் சொல்லணும்."

"கூப்பிட்டியளா?"

"இல்ல."

"பொறவு என்ன?" என்றான் மிக்கேல். அவனுக்கு அதில் என்ன சிக்கல் என்று உண்மையிலேயே புரியவில்லை.

அவன் போன பிறகு சுடர்க்கொடி தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் மேல் அவளுக்குக் கோபம்கூட வந்தது. அவனுக்கென்ன, உள்ளே போகப்போவது அவனா? அந்தக் கோபம் கொஞ்ச நேரம்தான் நின்றது. பிறகு தன்மேலேயே திரும்பிவிட்டது.

கலெக்டர் அலுவலகக் கூடத்தில் கமிஷன் உட்கார்ந்தது. நீதிபதி வயதானவர், சாந்தமாகப் பேசினார். மிக்கேலும் மகளும் கடைசி வரிசையில் இருந்தார்கள். டி.எஸ்.பி. சுடர்க்கொடியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

"இன்ஸ்பெக்டர், சம்பவத்தன்று வெளித்துணையை நீங்கள் கேட்டீர்களா?"

"இல்லை ஐயா."

டி.எஸ்.பி. கண்ணை மூடிக்கொண்டார்.

"போய்விட்டு வாருங்கள் என்று நீங்கள் சொன்னது பதிவில் இருக்கிறதே?"

"அது வழியனுப்பு ஐயா. எங்க ஊருல யாரையும் போன்னு சொல்ல மாட்டோம். சாவு வீட்டுலதான் வரேன்னு சொல்லாம கிளம்புவோம். மத்த இடத்துல எல்லாம் போயிட்டு வரேன், போயிட்டு வாங்கதான். எனக்கு அது வேற மாதிரி வாயில வராது."

"விடுங்கள் என்று சொன்னீர்களா?"

"சொன்னேன். அவங்கள ஒண்ணும் பண்ணாதீங்கன்னு அர்த்தத்துல சொன்னேன். என் வார்த்தையாலதான் அவங்க செத்தாங்க. அங்க கலவரம் எதுவும் நடக்கல. அவங்க குழாய மாத்தச் சொன்னாங்க, அவ்வளவுதான். அந்தம்மா பேரை எதிரின்னு எழுதினது தப்பு."

அவளுக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் மனசு லேசாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு ஒரு வேலையைச் சரியாகச் செய்த நிம்மதி.

நீதிபதி ஹரிகிருஷ்ணனைக் கூப்பிட்டார். "இந்த வழக்கத்தை எல்லாம் உங்கள் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியாதா?"

"முடியும் ஐயா. ஆனா ஊருக்கு ஒரு வழக்கம். அதுலயும் பதற்றத்துல ஒருத்தர் என்ன சொல்வார், சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு யாராலயும் உத்தரவாதம் தர முடியாது. அது ரெண்டு தடவையும் சொன்னதைத்தான் செஞ்சுது."

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். அவர் தலையாட்டிய விதம் சுடர்க்கொடிக்கு அப்போது ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அறிக்கை வந்தது. பிரகாசியின் பெயர் வழக்கிலிருந்து நீக்கப்பட்டது. முதலாளி குழாயை மாற்றினார். சுடர்க்கொடி மேல் நடவடிக்கை இல்லை. உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டு வேறு. டி.எஸ்.பி. அவரே போன் செய்தார்.

"நீ தப்பிச்சம்மா. நான்தான் தப்புக் கணக்குப் போட்டுட்டேன். உன் சாட்சியாலதான் சட்டத்துல இருந்த ஓட்டையே தெரிஞ்சுதுன்னு ஜட்ஜ் எழுதியிருக்காரு."

"என்ன ஓட்டை சார்?"

"கேக்கறதுதான் ஓட்டை. இயந்திரம் தப்புப் பண்ணல, கேக்கற வாய்தான் தப்புப் பண்ணுதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதனால அந்த ஷரத்தையே எடுக்கறாங்க. நேத்து அவசரச் சட்டம் வந்துடுச்சு."

"அப்ப யாரு கேப்பா?"

"யாரும் கேக்க வேண்டாம். தேவைன்னு அதுக்கே தெரிஞ்சா வரும்."

"போகச் சொல்றது?"

"தேவை முடிஞ்சா போகும்" என்றார் டி.எஸ்.பி. அவர் குரலிலும் உற்சாகம் இல்லை. "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. உண்மையத்தான சொன்ன."

அவள் போனை வைத்தாள். உண்மையைத்தான் சொன்னாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, பிடித்தவளுக்கு அது குரங்கு என்று தெரிவதற்குள் ஊரெல்லாம் கோயில் கட்டியாகிவிட்டது.

பிரகாசியின் வருஷ நினைவுக்கு மிக்கேல் அவளைக் கூப்பிட்டிருந்தான். சாயங்காலம் சீருடை இல்லாமல், சாதாரணச் சேலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். ஊரே வந்திருந்தது. பெயர் நீங்கிவிட்டதல்லவா, இப்போது தைரியமாக வரலாம். கல்லறை மேல் மெழுகுவர்த்தி, பூ. மகள் கறுப்புத் தாவணியில் நின்றாள். மிக்கேல் சுடர்க்கொடியைப் பார்த்து, "வந்தியளா மேடம்" என்று மட்டும் சொன்னான். அதில் கோபம் இல்லை. அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பங்குச் சாமியார் வெள்ளை அங்கியைச் சரிசெய்துகொண்டு புத்தகத்தைத் திறந்தபோது, மதிலுக்கு வெளியே அவை இறங்கின. உள்ளே வரவில்லை. மதிலை ஒட்டி வரிசையாக நின்று எட்டிப் பார்த்தன.

யாரும் கத்தவில்லை. ஓடவும் இல்லை, ஓடினால் அதை என்னவென்று எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம். பெண்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியே வெளியேறினார்கள்.

"மேடம், அதுகள அனுப்பிருங்க" என்றான் மிக்கேல்.

"கூப்பிட்டிருந்தா அனுப்பலாம் மிக்கேல். இப்ப அதுங்கள யாரும் கூப்பிடறதில்ல."

அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான். "நீயும் வீட்டுக்குப் போம்மா. அப்பா முடிச்சிட்டு வாரேன்." அவள் மாட்டேன் என்றாள். அத்தைக்காரி வந்து அவளை அணைத்துக் கூட்டிப் போனாள். கடைசியில் சாமியார், மிக்கேல், சுடர்க்கொடி மூன்று பேர்தான் நின்றார்கள்.

சாமியார் புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் பதில் சொல்ல வேண்டும். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மிக்கேல் ஒருத்தன் மட்டும் சொன்னான். அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. சுடர்க்கொடிக்கு இந்த ஜெபம் பழக்கமில்லை. இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு அவளும் மெதுவாகச் சேர்ந்துகொண்டாள். இரண்டு குரல், பெரிய தோட்டம், கடல் காற்று வேறு. வார்த்தை வாயை விட்டு வெளியே வந்ததும் காணாமல் போனது.

பதில் சொல்ல ஆள் போதவில்லை என்று அவற்றுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த பெயருக்கு மதிலுக்கு அப்பாலிருந்து, செய்தி வாசிப்பவர் குரலில், எல்லாம் ஒன்றாகச் சொல்லின.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தில் இன்னும் பெயர்கள் பாக்கி இருந்தன. நிறுத்துவதா, தொடர்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு அடுத்த பெயரைச் சொன்னார். மிக்கேல் வாயைத் திறக்கவில்லை. பதில் சத்தமாக, ஒரே சீராக வந்தது.